அந்த மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்

 

பதிவு நீளம். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் இழுப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இப்போது மணி அடிக்கவும் ஆள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு மனு சுற்றியது. "சேர்வராயன் மலையில் மீண்டும் வெளிமான்" என்று தலைப்பு. வனத்துறைக்கும் சுற்றுலாத் துறைக்கும் அனுப்பப் போகிறார்களாம். கையெழுத்துப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டீச்சர் வேண்டாம்னா சொல்லப் போறாங்க, விலங்கியல் டீச்சர்தானே" என்று யாரோ கீழே போட்டிருக்கிறீர்கள். விலங்கியல் டீச்சர் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

மனு சொல்வது இதுதான். உயிரியல் பூங்காக்களிலிருந்து பத்து வெளிமான்களை வாங்கி ஏற்காட்டில் விட வேண்டும். கோடை விழாவுக்கு வருகிறவர்கள் மலர்க்காட்சியோடு மானையும் பார்ப்பார்கள். தங்கும் விடுதிக்காரர், மிளகாய் பஜ்ஜி போடுகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர் எல்லோருக்கும் நாலு காசு கிடைக்கும். அதுவரை சரி, பிழைப்பைப் பேசுவதில் தப்பில்லை. அதற்கு அடுத்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை: மரபணுத் தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில் பத்து மானை ஆயிரமாகப் பெருக்குவது எளிது, ஆகவே அரசு தயங்க வேண்டியதில்லை.

இதை எழுதியவன் என்னிடம் மரபியல் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிக் கட்டத்தைப் பிழையில்லாமல் போட்டவன். பட்டாணியைச் சொல்லிக்கொடுத்த நான் அதைக் காட்டோடு இணைத்துச் சொல்லவில்லை. அந்தக் குறையை இன்றைக்குத் தீர்க்கப் பார்க்கிறேன்.

முதலில் அந்த "மீண்டும்" என்ற சொல்லை அடியுங்கள். வெளிமான் மலையில் இருந்த விலங்கே இல்லை. வெளி என்றால் திறந்த நிலம், பெயரிலேயே விலாசம் இருக்கிறது. புல்வாய் என்பார்கள், இரலை என்பார்கள், முறுக்கிய கொம்புக்காகத் திருகுமான் என்றும் சொல்வார்கள். சங்கப் புலவர்கள் அதை முல்லை நிலத்தில் வைத்தார்கள், குறிஞ்சியில் அல்ல. ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ளும் பிராணியில்லை அது. தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடும், மணிக்கு 80 கிலோமீட்டர் வரை. அப்படி ஓட அதற்குத் தட்டையான புல்வெளி வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் நெருக்கியடிக்கிற சரிவில் அது எங்கே பார்க்கும், எங்கே ஓடும்? மலை ஒத்துவராமல் அடிவாரத்துக்கு இறங்கினால் நிலக்கடலைக் காட்டில் வாய் வைக்கும். அங்கே உங்கள் சித்தப்பாக்களே கம்போடு நிற்பார்கள். வேலி போட்டு உள்ளே வைப்போம் என்றால் அது காடு இல்லை, உயிரியல் பூங்கா. அதற்குக் குரும்பப்பட்டி இருக்கிறது.

இன்னொன்று. வெளிமான் என்று சொன்னாலும் அது புள்ளிமானுக்கும் கடமானுக்கும் நெருங்கிய சொந்தமில்லை. புள்ளிமானுக்கு வருடாவருடம் கொம்பு விழுந்து முளைக்கும், கிளை கிளையாக இருக்கும். வெளிமான் கொம்பு எலும்பின் மேல் உறை போட்டது, கிளைக்காது, விழவும் விழாது. ஆடு, மாடு, காட்டுமாடு எல்லாம் சேர்ந்த குடும்பம் அதனுடையது. தமிழில் இரண்டையும் மான் என்றே சொல்லிவிடுவதால் இந்தக் குழப்பம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிமானைப் புரிந்துகொள்ள மான் கதை உதவாது, ஆட்டுப்பட்டிக் கதைதான் உதவும். அதற்கு வருகிறேன்.

மேச்சேரிப் பக்கத்துச் சொந்தங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் அப்பா பட்டியில் நாற்பது ஐம்பது மேச்சேரி ஆடுகள் இருந்தன. கிடா ஒன்றோ இரண்டோதான். இரண்டு வருடம் போனால் எவ்வளவு நல்ல கிடாவாக இருந்தாலும் அதைக் கொடுத்துவிட்டு, நாலு ஊர் தள்ளி வேறொருவர் பட்டியிலிருந்து ஒரு கிடாவை ஓட்டி வருவார். "ஏம்பா, இதுதான் நல்லா இருக்கே" என்று நான் அழுதிருக்கிறேன், அந்தக் கிடாவுக்குப் பெயரெல்லாம் வைத்திருந்தேன். "அது பெத்த குட்டி இப்ப பருவத்துக்கு வந்திருச்சு கண்ணு. அப்பனும் மகளும் ஒரே பட்டியில நிக்கக் கூடாது" என்றார். அப்பா கைநாட்டு. மெண்டல் யாரென்று தெரியாது. நான் பட்டம் வாங்கி உட்கலப்பு என்ற பாடத்தை நடத்தியபோது அதில் அப்பா சொல்லாதது எதுவும் இல்லை, கணக்கு மட்டும்தான் கூடுதல்.

அந்தக் கணக்கை இப்போது உங்கள் பத்து மானுக்குப் போடுவோம். வெளிமான் கிடா தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டு மற்றக் கிடாக்களை விரட்டும். அந்தச் சமயத்தில் பெட்டைகளோடு சேர்வது பெரும்பாலும் வலுத்த கிடாதான். ஆகவே ஒரு கிடா, ஒன்பது பெட்டை என்று வைப்போம். அடுத்த ஈட்டுக் குட்டிகள் எல்லாம் ஒரே அப்பனுக்குப் பிறந்தவை. அவை தங்களுக்குள் சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அப்பனே மகளோடு சேர்ந்தால் நான்கில் ஒன்று.

எட்டில் ஒன்று என்றால் எவ்வளவு என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்கிறேன். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் பிறக்கிற குழந்தைக்கும் அதே எட்டில் ஒன்றுதான். அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. என்னைத் தாய்மாமனுக்குத்தான் கட்டி வைத்தார்கள். அவர் தங்கமான மனிதர், அது வேறு. எங்களுக்கு என்ன நடந்தது என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் இது ஒரு தலைமுறையில் நடந்து, அடுத்த தலைமுறையில் வெளியில் பெண் எடுத்தால் முடிந்துபோகும். மலைமேல் பத்து மானுக்கு வெளியில் பெண் எடுக்க வழியில்லை. தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே சுற்ற வேண்டும்.

மந்தையில் பத்து தலை எண்ணலாம். மரபியல் அதைப் பத்து என்று எண்ணாது. கிடாவின் எண்ணிக்கையைப் பெட்டையின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். ஒன்று பெருக்கல் ஒன்பது பெருக்கல் நான்கு 36. பத்தால் வகுத்தால் 3.6. உங்கள் பத்து மான் மரபணுக் கணக்கில் நாலு மான்கூட இல்லை. மந்தை அதே அளவில் நின்றால் தலைமுறைக்கு சுமார் 14 சதவீதம் மரபணு வேறுபாடு கரையும். ஐந்து தலைமுறையில் பாதிக்கு மேல் போய்விடும். குட்டி சாவது, கிடா மலடாவது, ஒரு நோய் வந்தால் மொத்தமும் விழுவது எல்லாம் இதன் பின்னால் வரிசையாக வரும். உடனடி உட்கலப்புக் கேட்டைத் தவிர்க்க இந்தக் கணக்கில் ஐம்பதாவது வேண்டும், நெடுங்காலம் நிலைக்க ஐந்நூறு வேண்டும் என்று 1980-லேயே எழுதினார்கள். அதுவும் போதாது, இரண்டையும் இரட்டிப்பாக்குங்கள் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடுகிறார்கள்.

"அமெரிக்காவில் டெக்சாஸில் 1930-களில் சில மான்களைக் கொண்டுபோய் விட்டு இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறதே டீச்சர்" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. மந்தை வேகமாகப் பெருகினால் இந்த இழப்பு குறையும், அதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே பெருகியது ஏன்? பரந்த மேய்ச்சல் நிலம், அதற்குச் சொந்தக்காரனான பண்ணைக்காரன், காசு வாங்கிக்கொண்டு சுடவிடும் தொழில். நம்மிடம் முதலாவது இல்லை, மூன்றாவது சட்டப்படி குற்றம். பாகிஸ்தானில் வெளிமான் அற்றுப்போன பிறகு அமெரிக்காவிலிருந்துதான் திரும்பக் கொண்டுவந்தார்கள். சோலிஸ்தான் பாலைவனத்து லால் சுஹான்ராவில் அவை பெரும்பாலும் வேலிக்குள்ளேயே வாழ்கின்றன. மானைக் கொண்டுவருவது சுலபம் கண்ணுகளா. விட்ட இடத்தில் அது தானாக வாழ்வதுதான் கஷ்டம்.

சரி, ஒரே பூங்காவிலிருந்து வேண்டாம், வடக்கே ரெண்டு, கிழக்கே ரெண்டு, தெற்கே ரெண்டு என்று கலந்து எடுத்தால் உட்கலப்பு வராதே என்று மனுவின் இரண்டாம் பக்கத்தில் ஒரு யோசனை இருக்கிறது. புத்திசாலித்தனமாகத் தெரியும். அங்கேதான் மரபியல் "பொறு" என்கிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அனன்யா ஜனா, பிரவீண் கரந்த் இருவரும் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெளிமானைப் பிடித்து ரத்தம் எடுக்க முடியாது. விரட்டிப் பிடித்தால் பயத்திலேயே தசை சிதைந்து செத்துப்போகிற பிராணி அது. அதனால் எட்டு மாநிலங்களில் பன்னிரண்டு இடங்களுக்குப் போய், மந்தை நகரும்வரை தள்ளி நின்று, அது போட்ட புழுக்கையைப் பொறுக்கினார்கள். புழுக்கையில் குடல் செல்கள் ஒட்டியிருக்கும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வருவது, அது பெட்டைகளின் கதையைச் சொல்லும். செல்லின் உட்கருவில் இருப்பது இருவரிடமிருந்தும் வருவது. இரண்டையும் ஒப்பிட்டால் யார் வீட்டில் இருந்தார்கள், யார் ஊர் சுற்றினார்கள் என்று தெரிந்துவிடும். புழுக்கை பொறுக்கியே ஒரு வம்சத்தின் கதையை எழுதிவிட்டார்கள். இதைப் படித்த அன்று பணிக்காலத்தில் வராத சந்தோஷம் எனக்கு வந்தது.

அவர்கள் கண்டது என்ன? இந்திய வெளிமான்கள் வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று தொகுதிகள். முதலில் வடக்கு, தெற்கு என்று பிரிந்திருக்கின்றன. கிழக்குத் தொகுதி இருப்பதே இந்த ஆய்வில்தான் தெரியவந்தது. அது வரைபடத்தில் தெற்குக்கு அருகில் இருந்தாலும் வடக்கிலிருந்து கிளைத்ததாகத் தெரிகிறது. பக்கத்து ஊர்க்காரர் எல்லாம் பங்காளி இல்லை என்று நமக்குத் தெரியும்தானே? வரைபடத்தைப் பார்த்து "இது அதற்குப் பக்கம், இதையும் அதையும் சேர்க்கலாம்" என்று முடிவு செய்திருந்தால் தப்பாகியிருக்கும்.

இன்னொன்றும் கண்டார்கள். பெட்டைகள் பிறந்த இடத்திலேயே தங்குகின்றன, ஒவ்வோர் இடத்து மந்தைக்கும் தனித் தாய்வழி இருக்கிறது. கிடாக்கள் நாம் நினைத்ததைவிட அதிகமாக, ஊர், வயல், சாலை எல்லாம் தாண்டிப் போய்ச் சேர்கின்றன. நம் வீட்டில் பெண்தான் வேறு வீட்டுக்குப் போவாள். வெளிமான் வீட்டில் மாப்பிள்ளைதான் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். அப்பா கிடாவை மாற்றிய கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிமான் தன் கிடாவைத் தானே மாற்றிக்கொள்கிறது, நாம் வழியை அடைக்காமல் இருந்தால்.

கலப்பதிலும் கேடு உண்டு என்பதற்கு அரேபிய ஓரிக்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். அதுவும் இரலை வகைதான், வெள்ளை உடம்பு, நேராக நீண்ட கொம்பு. வேட்டையில் அழிந்துகொண்டிருந்தபோது, 1960-களின் தொடக்கத்தில் கிடைத்தவற்றைச் சேர்த்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் ஒன்பது தலையோடு ஒரு மந்தையைத் தொடங்கினார்கள். 1972-இல் ஓமானில் கடைசிக் காட்டு ஓரிக்ஸும் போனது. அந்தப் பூங்கா வம்சத்திலிருந்து 1982-இல் ஓமான் பாலைவனத்தில் திரும்ப விட்டார்கள். எந்தக் கன்று யாருக்குப் பிறந்தது என்று நம் வீட்டு ஜாதக நோட்டு மாதிரிப் பதிவு வைத்திருந்தார்கள். அப்படியும் 2000-இல் வந்த ஆய்வு ஒரு சங்கடத்தைச் சொன்னது. ரொம்ப நெருங்கிய சொந்தத்தில் பிறந்த கன்றுகளும் தங்கவில்லை, ரொம்பத் தூரத்து வம்சங்கள் கலந்து பிறந்த கன்றுகளும் சரியாகத் தங்கவில்லை. இரண்டு கேடும் ஒரே மந்தையில்.

வெளிமானில் இந்தப் பயம் இன்னும் கூடுதல். மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று உருப்போட்டீர்களே, வெளிமானில் அந்த எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் மாறும். பெட்டைக்கு 30 முதல் 32, கிடாவுக்கு 31 முதல் 33. எது எந்த வம்சம் என்று பார்க்காமல், நாலு பூங்காவில் கிடைத்ததை ஒரு லாரியில் ஏற்றுவது, ரத்த வகை பார்க்காமல் ரத்தம் ஏற்றுவது போல.

"அப்படியானால் ஹைதராபாத்தில் செயற்கைக் கருவூட்டலில் மான் பிறந்ததே?" பிறந்தது. சி.சி.எம்.பி.யின் லாகோன்ஸ் ஆய்வகத்தில் 2006-இல் ஒரு புள்ளிமான் குட்டி, 2007-இல் ஒரு வெளிமான் குட்டி. அதற்கு பிளாக்கி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த மறுநாள் வகுப்பில் சொன்னேன், கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். பெரிய சாதனைதான். நாளைக்கு ஒரு வம்சமே அற்றுப்போகும் நிலை வந்தால் உறைய வைத்த விந்து கைகொடுக்கும். ஒரு துண்டுக் கறியை வைத்து அது ஆடா மானா என்று சொல்லவும் அதே சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் ஒரு முறையைக் கண்டுபிடித்துத் தந்தார்கள். வெள்ளாட்டுக் கறி என்று பொய் சொல்லி வேட்டைக்காரன் தப்பிக்க முடியாது. இதெல்லாம் மரபியல் செய்யும். மேய்ச்சலுக்குப் புல்லை முளைக்கவைக்காது. நான் கோபப்படுவது விஞ்ஞானத்தின் மேல் இல்லை. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு அது செய்யாததை எல்லாம் செய்யும் என்று எழுதுவதன் மேல்.

ஓமான் கதையின் கடைசிப் பகுதியையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை கவனத்தோடு வளர்த்து விட்ட ஓரிக்ஸ், 1996-இல் 450 வரை பெருகியது. பிறகு திருட்டு வேட்டை வந்தது. சரணாலயப் பரப்பில் 90 சதவீதத்தை அரசே குறைத்தது, எண்ணெய் எடுக்க. மிஞ்சியது 65 தலை. 2007-இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது, அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். அந்தப் பதிவேட்டில் ஒரு எழுத்துப் பிழைகூட இருந்திருக்காது. நிலம் போனது.

இவ்வளவு சொன்னதால் மானை எங்கும் நகர்த்தவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். மனு எழுதியவன் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை அடித்தபோது கோடியக்கரையில் எத்தனை வெளிமான் செத்தது என்று செய்தியில் பார்த்தோம். 1967 முதல் சரணாலயம், தமிழ்நாட்டின் முக்கியமான மந்தைகளில் ஒன்று. ஒரு ராத்திரிப் புயல் போதும். புயல் இல்லாத நாளில் சீமைக்கருவேலம் புல்வெளியை விழுங்குகிறது, ஆள் விட்டுப்போன மட்டக்குதிரைகள் மிச்சப் புல்லை மேய்கின்றன. கிண்டி தேசியப் பூங்காவோ மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் சென்னை. அங்கே கிடா எந்தப் பக்கம் கிளம்பும்? வேளச்சேரி ரோட்டிலா? தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில் ஒரு மந்தை, சத்தியமங்கலத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு மந்தை. ஒன்றுக்கொன்று போக வர வழியில்லாத தீவுகள்.

மரபியல் தேவைப்படுவது அங்கே. இந்த நாலு இடத்துப் புழுக்கையையும் வருடாவருடம் எடுத்து, எந்த மந்தை எவ்வளவு நெருங்கிப்போயிருக்கிறது என்று பார்க்கட்டும். நெருங்கிப்போன மந்தைக்கு, அதே தெற்கு வம்சத்தில் வேறோர் இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிடாக்களை மட்டும் கொண்டுபோகட்டும். பெட்டைகளைத் தொட வேண்டாம், அந்தந்த ஊர்த் தாய்வழி அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும். இது என் யோசனை. விஞ்ஞானிகள் திருத்தினால் ஒத்துக்கொள்வேன். ஆனால் என் அப்பா ஒத்துக்கொண்டிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. அதோடு அந்தந்த இடத்துச் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துப் புல்லை வரவிட வேண்டும். இந்த ஊரில் ஒரு மூடநம்பிக்கை உண்டு, மரம் நட்டால் புண்ணியம் என்று. புல்வெளியில் மரம் நட்டால் வெளிமானுக்குப் பாவம். மேய்ச்சல் புறம்போக்கு என்று கணக்கில் இருக்கிற நிலத்தைத் தரிசு என்று சொல்லி யார் யாருக்கோ கொடுப்பதும், நல்லெண்ணத்தோடு குழி தோண்டி வேம்பும் புங்கனும் நடுவதும், புல்லை நம்பிப் பிழைக்கிற உயிருக்கு ஒன்றுதான். போன வருடம் நம் குழு நட்ட முந்நூறு கன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்று நானும் மண்வெட்டியோடு போட்டோவில் நின்றேன்.

இப்போது நம் மலைக்கு வருவோம். ஏற்காட்டுக்குப் புது விலங்கு வேண்டும் என்று கேட்கிறீர்களே, இருக்கிற விலங்கை எத்தனை பேர் கேட்டீர்கள்? காட்டெருமை என்று சொல்லிப் பயப்படுகிறோமே, அது எருமை இல்லை, காட்டுமாடு. மேலே சொன்ன வெளிமானின் குடும்பம்தான். காப்பித் தோட்டத்தில் நிற்கிறது, ராத்திரியில் வண்டி விளக்குக்கு எதிரே வருகிறது, மனிதரை முட்டுகிறது, முட்டினால் பேப்பரில் வருகிறது. இந்த மாடுகளுக்கு மேற்கே சேலம்-பெங்களூரு நெடுஞ்சாலை, தெற்கே சேலம் நகரம், கிழக்கே மஞ்சவாடிக் கணவாய் வழியாகப் போகிற அரூர் சாலை. அந்தக் கணவாய்க்கு அப்பால் சித்தேரி, கல்வராயன் என்று மலைத்தொடர் நீள்கிறது. நம் மாடு அந்தப் பக்கம் போய் வருகிறதா, அல்லது சேர்வராயன் மலையும் ஒரு கிண்டியாகிவிட்டதா?

இந்தக் கேள்விக்குப் பதில் நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் வழியில் சாணியாகக் கிடக்கிறது. அதை எடுத்துப் பார்த்தால் எத்தனை மாடு, எத்தனை காளை, எல்லாம் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளா, கணவாய்க்கு அப்பால் உள்ளவற்றோடு கலப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். கலப்பு இருந்தால், சாலையை அகலப்படுத்தும்போது எங்கே மாடு கடக்க வழி விட வேண்டும் என்று கையில் ஆதாரத்தோடு கேட்கலாம். இல்லையென்றால், எவ்வளவு காலத்துக்கு முன் அறுந்தது என்று தெரியும், என்ன செய்வது என்று யோசிக்க அவகாசம் இருக்கும். மரபணுத் தொழில்நுட்பம் என்று ஒரு மனுவில் எழுத வேண்டுமானால் இதை எழுதுங்கள். ஹைதராபாத் வரை போக வேண்டியதில்லை, வண்டலூரிலேயே வனத்துறைக்கு ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

சுற்றுலாவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒன்றும் கிடைக்காது. மலர்க்காட்சியில் வெளிமான் வேண்டுமென்றால் கார்னேஷன் பூவிலே ஒன்று செய்து வையுங்கள். அது உட்கலப்பால் சாகாது.

மனு எழுதிய தம்பிக்குத் தனியாக ஒன்று. உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஓடுகிறவன் நீ, சும்மா உட்கார்ந்து குறை சொல்கிறவர்களைவிட நீ மேல். ஆனால் கேட்காமல் என் பெயரைப் போட்டது தப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடு. நீ போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டாலும் சரி, வீட்டுக்கே வந்தாலும் சரி, காப்பி உண்டு.

காட்டுமாட்டுச் சாணி மனுவை நேற்று ராத்திரி நானே கையால் எழுதிவிட்டேன், மூன்று பக்கம். வனத்துறையில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் இரண்டு பேர் இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள் என்று தெரியும், யாருக்கு முகவரியிட வேண்டும் என்று சொல்லுங்கள். பெங்களூரில் ஆய்வகத்தில் இருக்கிறவள், அதில் விஞ்ஞானப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக் கொடு, உனக்கு அந்த உரிமை உண்டு. படம் எடுத்து இதில் போடுவது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. பேத்தி டியூஷன் முடிந்து வரட்டும், போடச் சொல்கிறேன்.